நான் நீலமேகம் கட்சி

உட்காருங்கள் சிஸ்டர், எனக்காக எழுந்திருக்க வேண்டாம். நர்ஸ் இல்லையா, லேப்பா? பரவாயில்லை, சிஸ்டர் என்றே கூப்பிடுகிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை ரத்தம் எடுத்தாகிவிட்டது, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும், அதற்குத்தானே காத்திருக்கிறீர்கள்? எங்கள் வீட்டுக்காரருக்கும் மாதாமாதம் இதே பாடுதான்.

ஐயா முகம் மழித்துக்கொண்டிருக்கிறாராம். வேலைக்காரப் பெண் அஞ்சலை சொன்னாள். எண்பத்தாறு வயதிலும் மழிக்காத முகத்தோடு யாரையும் பார்க்க மாட்டாராம். டைரக்டர் என்றால் சும்மாவா?

நான் எதற்கு வந்தேன் என்றால், மன்னிப்புக் கேட்க. அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்காமல் நான் லால்குடி பஸ் ஏறப் போவதில்லை. நேற்று சாயங்காலம் இந்த ஊர்க் கல்யாண மண்டபத்தில், எண்ணூறு பேருக்கு முன்னால், முதல் வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதரைத் தோற்கடித்தது நான்தான். நான் மங்கையர்க்கரசி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சனி ஞாயிறுகளில் பட்டிமன்றப் பேச்சாளர். பத்தொன்பது வருடமாகப் பேசுகிறேன்.

நீங்கள் பட்டிமன்றம் பார்ப்பதில்லையா? நல்லது. பார்க்காதீர்கள். எல்லாம் பொய்.

அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், அப்போதுதான் என் கோபம் உங்களுக்குப் புரியும். தலைப்பை விழாக்காரர்கள் கொடுப்பார்கள். யார் எந்தக் கட்சி என்பதை நடுவர் முடிவு செய்வார். எங்கள் சொந்த அபிப்பிராயத்தை யாரும் கேட்க மாட்டார்கள். நான் மணப்பாறையில் மாமியாருக்காகப் பேசிவிட்டு, அடுத்த வாரம் துறையூரில் மருமகளுக்காகப் பேசியிருக்கிறேன். இரண்டு ஊரிலும் பெண்கள் கைதட்டினார்கள். தீர்ப்பும் அப்படித்தான். மேடை ஏறுவதற்கு முன்னால், டிபன் சாப்பிடும்போதே நடுவர் சொல்லிவிடுவார். "இன்னைக்கு இந்தக் கட்சிதான். அதுக்கேத்த மாதிரி பேசுங்க." தோற்கப் போகிற கட்சிக்காரர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். அது எங்களுக்குள் ஒரு மரியாதை.

நேற்றுத் தலைப்பு, 'காலத்தை வென்ற இயக்குநர் நீலமேகமா, சூசைமாணிக்கமா?' நீலமேகத்துக்கு இது சொந்த ஊர். அவரே நேரில் வருகிறார். சூசை இறந்து நான்கு வருடம் ஆகிறது. தீர்ப்பு யாருக்கு என்று கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். நடுவர் புலவர் ஞானமூர்த்தி மூன்று வாரத்துக்கு முன்னாலேயே போன் செய்தார். "அரசி, நீ நீலமேகம் அணி. கடைசிப் பேச்சு உன்னோடது."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது சிஸ்டர். நிஜமாகச் சொல்கிறேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக என் சொந்தக் கட்சிக்கு நானே பேசப் போகிறேன்.

எங்கள் அப்பா தபால் ஆபீஸில் கிளார்க். அவருக்குத் தெய்வம் இரண்டு. ஒன்று திருவானைக்காவில் இருந்தது, இன்னொன்று நீலமேகம். புதுப்படம் வந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு என்னையும் தம்பி குருபரனையும் கூட்டிக்கொண்டு போவார். தோளில் ஒரு பூத்துண்டு இருக்கும். படம் முடிந்து வெளியே வரும்போது துண்டு நனைந்திருந்தால் நல்ல படம். பிழியும்படி இருந்தால் அமோகமான படம். 'தாலாட்டுக்கு ஒரு சாட்சி' வந்தபோது என் பாவாடை ஓரத்தையும் வாங்கித் துடைத்துக்கொண்டார். அப்பா ஒரு தடவை நீலமேகத்துக்குக் கடிதம் எழுதினார். பதிலாக ஒரு கார்டு வந்தது, 'தங்கள் கண்ணீரே என் கூலி' என்று இரண்டு வரி, கீழே கையெழுத்து. அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். இப்போது அப்பா இல்லை. அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கார்டு இருக்கிறது. நான் தினமும் விளக்கேற்றும்போது இரண்டும் தெரியும். இன்றைக்கு எந்த முகத்தோடு போய் விளக்கேற்றுவேன், சொல்லுங்கள்?

சூசை படம் என்றால் அப்பாவுக்கு ஆகாது. "இருட்டு, மௌனம், கருவாட்டு வாடை. இதுக்கு எதுக்குடா டிக்கெட்டு?" என்பார். எனக்கும் ஆகாது. பாளையங்கோட்டையில் பயிற்சிக்கல்லூரி விடுதியில் இருந்தபோது பெண்கள் எல்லாம் போனார்கள் என்று நானும் போய் 'அளத்து வாசல்' பார்த்தேன். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றிய படம். நாற்பது நிமிடத்துக்கு ஒரு பாட்டு கிடையாது. அதையும் நான்கு தடவைதான் பார்த்திருக்கிறேன். எதிர்க்கட்சி என்ன சொல்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டாமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரம் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். நீலமேகத்தின் முப்பத்தொரு படங்கள், எத்தனை நாள் ஓடின, எத்தனை பாட்டு, எந்தக் காட்சிக்கு எத்தனை ஆயிரம் விளக்கு. நாற்பது பக்க நோட்டு நிறைந்துவிட்டது. மனப்பாடம் செய்தேன். அப்படியும் நிற்கவில்லை, மறந்து மறந்து போயிற்று. பாசம் அதிகமாக இருக்கிற இடத்தில் அப்படித்தான், மனசு தடுமாறும்.

நேற்று மூன்றரை மணி. டிபன் நேரம். கேசரியும் போண்டாவும். எதிரணியில் கிருத்திகா என்று ஒரு பெண், ரேடியோவில் பேசுகிறவள், அழ ஆரம்பித்துவிட்டாள். சூசை படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லையாம். செல்போனில் பார்க்கலாம் என்று உட்கார்ந்தாளாம், தூக்கம் வந்துவிட்டதாம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நீலமேகம் படப் பாட்டுகள்தான். ஞானமூர்த்தி என்ன செய்தார் தெரியுமா? போண்டாவைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே, "அரசி, நீ அந்தப் பக்கம் போயிடு. இந்தப் பிள்ளை நீலமேகத்துக்குப் பாட்டுப் பாடிக்கட்டும்" என்றார்.

"ஐயா, நான் மூணு வாரமா எழுதி வச்சிருக்கேன்."

"நீ எதுக்கும்மா எழுதணும்? எதைக் கொடுத்தாலும் பேசுவே. எப்படியும் தோக்கப் போற கட்சி. ஒரு பத்து நிமிஷம் ஒப்பேத்திட்டு வா."

ஒப்பேற்றிவிட்டு வா! இவருக்கு நீலமேகமும் ஒன்று, சூசையும் ஒன்று, போண்டாவும் ஒன்று. நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. விழா என்று ஒன்று இருக்கிறதே, எண்ணூறு பேர் நாற்காலியில் உட்கார்ந்தாகிவிட்டதே.

என் முறை வந்தது. கையில் துண்டுச்சீட்டு இல்லை. என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. பத்து நிமிடம் என்று ஏறினவள் இருபத்திரண்டு நிமிடம் பேசியிருக்கிறேன். மணி அடித்தார்களாம், என் காதில் விழவில்லை. பயம் சிஸ்டர், பயம் அப்படிப் பேச வைத்துவிட்டது.

ஒரே ஒரு காட்சியைத்தான் விரிவாகச் சொன்னேன். 'அளத்து வாசல்' படத்தில் வருவது. உப்பளத்தில் வேலை செய்கிறவன் செத்துப்போகிறான். ஆட்கள் வீட்டுக்கு வந்து அவன் மனைவியிடம் சொல்கிறார்கள். அவள் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கிறது. வாசலில் கூட்டம் கூடுகிறது, ஒருத்தி வந்து கட்டிப்பிடிக்கிறாள். இவள் மெதுவாக அந்தக் கையை எடுத்துவிட்டு எழுந்துபோகிறாள். தட்டை வைத்துப் பானையைச் சாய்த்து, கஞ்சி முழுக்க வடிகிறவரைக்கும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஆவி முகத்தில் அடிக்கிறது. பானையை நிமிர்த்தி வைக்கிறாள். அடுப்பை அணைக்கிறாள். கையை முந்தானையில் துடைத்துக்கொள்கிறாள். அப்புறம் வந்து உட்கார்ந்து அழுகிறாள். பின்னால் ஒரு இசை கிடையாது. வடிகிற சத்தம் மட்டும்.

மண்டபத்தில் குண்டூசி விழுந்திருந்தால் கேட்டிருக்கும். கடைசி வரிசையில் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள், மேடை வரைக்கும் கேட்டது.

அது உண்மைதானே என்கிறேன் நான். பெண்கள் அப்படித்தானே? எங்கள் அப்பா போனது ஒரு செவ்வாய்க்கிழமை, விடிகிற நேரம். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும், அரை மணி நேரம். அன்றைக்குத் தண்ணீர் வருகிற நாள். வீடு முழுக்க ஆட்கள் வருவார்கள், குளிப்பாட்ட வேண்டும், கழுவ வேண்டும், தண்ணீருக்கு எங்கே போவது? நான் எட்டுக் குடமும் இரண்டு அண்டாவும் பிடித்து வைத்துவிட்டுத்தான் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். குருபரன் பெண்டாட்டி, "கல்நெஞ்சுக்காரி, பெத்த அப்பன் கிடக்கிறார், குடம் தூக்குது பாரு" என்றாள். அவள் குளித்ததும் அந்தத் தண்ணீரில்தான். அது வேறு கதை. அதை ஏன் சொன்னேன்?

தீர்ப்பு. ஞானமூர்த்தி எழுந்தார். கண்ணாடியைத் துடைத்தார். "காலத்தை வென்றவர் சூசைமாணிக்கமே" என்று முடித்துவிட்டார்! கைதட்டல் நிற்கவே இல்லை. நான் ஓடிப்போய் மைக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயா, என்ன இது? டிபன்ல என்ன பேசினோம்?" என்றேன்.

"உன் பேச்சுக்கு எதிரா நான் தீர்ப்பு சொன்னா நாற்காலி பறக்கும். நான் உசுரோட ஊர் போய்ச் சேரவேணாமா?"

பேசினது நான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்ப்புச் சொன்னது யார்? பாட்டை மட்டும் பாடி நீலமேகத்தின் மானத்தை வாங்கினது யார்? அந்தக் கிருத்திகா நான்கு பாட்டுப் பாடினாள், அதில் ஒன்று அவர் படமே இல்லை!

கொடுமை அதோடு முடியவில்லை. விழாக்காரர்கள் என்னைக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி அவர் முன்னால் நிறுத்தினார்கள், ஆசி வாங்கிக்கொள்ளுங்கள் என்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெற்றிலைக் காம்பு மாதிரி விரல்கள். கோபமே இல்லை. "நல்லாப் பேசினேம்மா. என் படத்துல உனக்குப் புடிச்ச காட்சி ஒண்ணு சொல்லேன்" என்று கேட்டார்.

வாய் வரவில்லை சிஸ்டர். முப்பத்தொரு படம். எத்தனை நாள் ஓடியது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு காட்சி வரவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் யாரோ போட்டோ எடுக்க இழுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் யாருக்குத்தான் வாய் வரும்? உங்களுக்கு வருமா?

இன்று காலையில் எழுந்ததும் குருபரனுக்குப் போன் போட்டேன். "அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி எதுடா?" உடனே சொன்னான், 'தாலாட்டுக்கு ஒரு சாட்சி'யில் கோர்ட்டுக் காட்சி. அம்மா கூண்டில் நின்று தாலாட்டுப் பாடுகிறாள், நீதிபதி எழுந்து நின்றுவிடுகிறார். அதைச் சொல்லி, காலில் விழுந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு...

இதோ, அஞ்சலை கூப்பிடுகிறாள். வருகிறேன்.

*

இன்னும் இருக்கிறீர்களா? அந்தத் தண்ணீர்ச் சொம்பை இப்படிக் கொடுங்கள்.

என் குரல் இங்கே கேட்டதா? கேட்டிருக்கும். தெருவுக்கே கேட்டிருக்கும்.

நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பவுடர் போட்டுக்கொண்டு. நேற்றுப் பேசினவள் நான்தான் என்றேன். "எந்த ஊர்ல பேசினீங்க?" என்றார். அவருக்கு ஞாபகமே இல்லை! நேற்றுக் காது மெஷினைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாராம், கூட்டத்தில் இரைச்சல் அதிகம் என்று. அஞ்சலைதான் சொன்னாள். நான் ராத்திரி முழுக்கப் புரண்டது எதற்கு?

சரி, போகட்டும், அப்பாவைப் பற்றிச் சொன்னேன். துண்டை நனைத்தது, கார்டு, எல்லாம். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். மறுபடியும் அதே கேள்வி. "என் படத்துல உனக்கு எது புடிக்கும்?" யார் வந்தாலும் இதைத்தான் கேட்பாராம். பால்காரரைக்கூட.

கோர்ட்டுக் காட்சியைச் சொன்னேன். கையை வீசினார். "அதை எல்லாரும் சொல்றாங்க. மனசுல நிக்குமே, தானா வருமே, அப்படி ஒண்ணு சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாக நீலமேகம் படத்தைத்தான் சொல்லப் போனேன். வந்தது கஞ்சி வடிக்கிற காட்சி. எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஆரம்பித்துவிட்டேன், பாதியில் நிறுத்தவும் முடியவில்லை. கையைத் துடைக்கிறவரைக்கும் சொல்லிவிட்டேன். யார் படம் என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் ஒரு பெருமூச்சு. "ஆமாம்மா. அந்தப் பானைக்கு ஒன்பது டேக். ஆவி சரியா வரலை. நான் விடலையே."

நான் விடலையே!

எனக்கு உச்சந்தலையில் யாரோ தீ வைத்த மாதிரி இருந்தது. மரியாதையாக இருந்திருக்கலாம். வயசானவர், ஏதோ குழம்பிச் சொல்கிறார், சரி என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம். காலில் விழ வந்தவள்தானே நான்? முடியவில்லை.

"ஐயா, அது நீங்க எடுத்ததில்லை. சூசைமாணிக்கம் எடுத்தது."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன். நாலு தடவை பார்த்திருக்கேன்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். குழப்பம் எல்லாம் ஒன்றும் இல்லை சிஸ்டர், தெளிவாகத்தான் இருந்தார். "சூசை யாரு? என்கிட்ட ஆறு வருஷம் கிளாப் அடிச்ச பையன். நான் சொல்லிக்கொடுத்ததுதான். அவன் எடுத்தா நான் எடுத்த மாதிரிதான்" என்றார்.

சொல்லிவிட்டேன். "நீங்க எடுத்திருந்தா அந்தப் பொம்பளை பானையைப் போட்டு உடைச்சிருப்பாய்யா. சோறு தரையெல்லாம் சிதறியிருக்கும். கேமரா அவளை மூணு சுத்து சுத்தியிருக்கும், பத்து வயலின் அழுதிருக்கும். கஞ்சியை வடிச்சு வைக்கிறவளை உங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்க முப்பத்தொரு படத்துலயும் ஒருத்தியாவது ஒரு வேலையை முழுசா முடிச்சாளா? பாதியில போட்டுட்டு மயக்கம் போட்டு விழுவாங்க. அப்புறம் அந்தச் சோத்தை யாருய்யா கூட்டி அள்ளுறது?"

இதுதான் கேட்டிருக்கும் உங்களுக்கு. அஞ்சலை கதவுப் பக்கம் வந்து நின்றுவிட்டாள்.

அவர் சிரித்தார். "உடைச்சிருப்பேன். கண்டிப்பா உடைச்சிருப்பேன்" என்றார். "உங்கப்பா துண்டைப் பிழிஞ்சாருன்னு சொன்னியே. நான் உடைச்ச பானைக்குத்தானே பிழிஞ்சார்? சூசை படத்துக்கு அவரைக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தா அழுதிருப்பாரா?"

அப்பாவை இழுத்துவிட்டார் பாருங்கள். அப்பா வீட்டில் அழுது நான் பார்த்ததே இல்லை. அம்மா போனபோதுகூட மாடத்தில் இருந்த திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு திண்டில் சாய்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மேட்னியில்தான் அழுவார். இருட்டில். அது நியாயமா? எனக்குத் தெரியாது. நீங்கள் ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்?

மன்னிப்பா? கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அடுத்தவன் எடுத்த காட்சியைத் தன்னுடையது என்கிறவரிடம் நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? சூசை உயிரோடு இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பாரா? அவர் படத்தில் வருகிறவர்கள் மாதிரிதான் அவரும், பேச மாட்டார். நாமாவது பேச வேண்டாமா?

அதற்காக நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பத்தொன்பது வருடம் கட்சி மாறிப் பேசினவள்தான், ஆனால் இதில் மாற மாட்டேன். நான் நீலமேகம் கட்சி. எங்கள் குடும்பமே நீலமேகம் கட்சி. இப்போது லால்குடிக்குப் போய் விளக்கேற்றத்தான் போகிறேன். அந்தக் கார்டு அங்கேயேதான் இருக்கும். யாராவது எடுக்கச் சொன்னால் தெரியும் சேதி.

உங்களுக்கு நேரமாகிவிட்டதா? போங்கள். உங்களிடமும் கேட்பார், எந்தக் காட்சி பிடிக்கும் என்று. படமே பார்த்ததில்லை என்றால் பரவாயில்லை, கோர்ட்டில் அம்மா தாலாட்டுப் பாடுவதைச் சொல்லுங்கள், எல்லாரும் சொல்கிறார்கள் என்று கையை வீசுவார், ஆனாலும் சொல்லுங்கள். அப்புறம் சிஸ்டர், ஊசியைப் பார்த்துக் குத்துங்கள். நரம்பெல்லாம் மேலே தெரிகிறது, மெல்லிசுக் கை. எங்கள் அப்பாவை அழவைக்க அந்த ஒரு கையால்தான் முடிந்தது.